ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முழங்கால்

பள்ளிக்கூட லீவுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் திருநெல்வேலிப் பக்கம் வந்து இறங்கினால், இரண்டாம் நாளே மலைக்குப் போகும் பேச்சு தொடங்கிவிடும். திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலா, களக்காடு தலையணையா, மணிமுத்தாறா, பாபநாசம் அகஸ்தியர் அருவியா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "எத்தனை கிலோமீட்டர் மாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் பெரும்பாலான வீடுகளில் நாள் முழுவதையும் திட்டமிடுகிறார்கள். கணக்கு தப்புவதும் அங்கேதான்.

மலையில் தூரத்தைவிட உயரம் பெரிது. ஏற்றத்தைவிட இறக்கம் கவனம் கேட்பது. கால் பிசகுவது, ஓடை பெருகுவது, பாதையில் இருட்டிப்போவது எல்லாம் திரும்பி வரும் பாதியில் வந்து சேருகிறவை. காலையில் எல்லாரும் தெம்பாக இருப்பார்கள், வானமும் தெளிந்திருக்கும். மதியத்துக்குமேல் காலும் வானமும் ஒரே நேரத்தில் மாறுகின்றன.

நேரக் கணக்கிலிருந்து தொடங்கலாம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றும் அது உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். போக 4 கிலோமீட்டர், அதில் 300 மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள். நடைக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், ஆக 78 நிமிடம். இது எங்கும் உட்காராமல் நடக்கும் திடமான ஆளுக்கு. கூட்டத்தில் ஆச்சியும் ஆறு வயதுப் பிள்ளையும் இருந்தால் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு போட வேண்டும்: இரண்டு மணியிலிருந்து இரண்டரை மணி நேரம். இறக்கத்துக்கு அதில் பாதி போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. சாய்வு மெதுவாக இருந்தால் இறக்கத்தில் கொஞ்சம் நேரம் மிச்சமாகும். 12 பாகைக்குமேல் செங்குத்தானால் சமதள நடையைவிட அதிக நேரம் பிடிக்கும். பெரியவர்கள் இருக்கும் கூட்டம் ஏறிய நேரத்தையே இறங்கவும் ஒதுக்குவது நல்லது.

ஏன் இறக்கம் இவ்வளவு சிரமம்? கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். நிறைகுடத்தை இழுக்கும்போது மூச்சு வாங்கும், கை கடுக்கும். அதே நிறைகுடத்தைக் கயிறு நழுவாமல் மெல்ல மெல்லக் கீழே விட வேண்டுமென்றால்? மூச்சு வாங்காது, ஆனால் உள்ளங்கை உரிந்துபோகும். தொடையின் முன்பக்கத் தசைக்கு மலை இறக்கத்தில் நடப்பது இதுதான். ஏறும்போது தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது, உடலின் எடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே தசை நீள வேண்டியிருக்கிறது. சுருங்க முயலும் தசையை எடை இழுத்து நீட்டுவதால் அதன் நுண்ணிய இழைகளில் அங்கங்கே சேதம் ஏற்படுகிறது.

ஏமாற வைப்பது மூச்சுதான். இறங்க உடலுக்குத் தேவைப்படும் பிராணவாயு, ஏறத் தேவைப்படுவதைவிட மிகக் குறைவு. இதயம் படபடக்காது, வியர்வை குறையும். "இனி என்ன, இறங்குறதுதானே" என்று பிள்ளைகள் ஓடுவார்கள், மாமாக்கள் வேகம் கூட்டுவார்கள். தசை தளர்ந்துகொண்டே வருவதை மூச்சு சொல்லாது. கடைசி ஒரு கிலோமீட்டரில் தொடை வெடவெடக்கும்போதுதான் தெரியும்.

ஓர் அடி உயரமுள்ள கல்லிலிருந்து ஒருவர் இறங்குவதை அருகிலிருந்து பாருங்கள். முன்கால் இன்னும் காற்றில் இருக்கிறது. கல்மேல் இருக்கும் பின்காலின் முழங்கால் மெல்ல மடிந்து மொத்த உடலையும் கீழே விடுகிறது. காலையில் இந்த மடிப்பு கடைசிவரை சீராக இருக்கும், பாதம் சத்தமில்லாமல் தரையைத் தொடும். தசை சோர்ந்தபின் கடைசி இரண்டு அங்குலத்தில் பிடி விட்டுப்போய், பாதம் தொப்பென்று விழும். தசை வாங்க வேண்டிய அதிர்ச்சியை அப்போது முழங்கால் மூட்டு வாங்குகிறது. ஆகவே கண்ணைவிடக் காதை நம்புங்கள். முன்னால் போகிறவரின் காலடி தொப் தொப்பென்று கேட்கத் தொடங்கினால், அவர் "ஒண்ணும் இல்ல" என்று சொன்னாலும் பத்து நிமிடம் உட்கார வையுங்கள்.

இறங்கும் முறையும் உண்டு. அடியைச் சின்னதாக வைக்க வேண்டும், முழங்காலை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடித்தே வைத்திருக்க வேண்டும். உயரமான கல்லில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கலாம். பாதை அகலமாக இருந்தால் நேராக இறங்காமல் இப்படியும் அப்படியுமாகக் கோணலாக நடக்கலாம். கைக்கம்பு இரண்டு இருந்தால் எடையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும். சமதளத்தில் கம்பை ஊன்றி நின்றால் முழங்கை செங்கோணமாக மடிய வேண்டும். இறக்கத்துக்கு அதைவிட நான்கு விரற்கடை நீளம் கூடுதலாக இருந்தால் நல்லது. கம்பைத்தான் முதலில் கீழ்க்கல்லில் ஊன்ற வேண்டும், கால் அதன்பிறகு. காட்டில் கிளை ஒடிக்க வேண்டாம், வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

செருப்பில் மலை ஏறிவிடலாம், இறங்குவதுதான் பாடு. பாதம் முன்னால் வழுக்கி விரல்கள் வாரில் நசுங்கும். ஷூ என்றால் விரல் நுனிக்கு முன்னால் அரை அங்குல இடம் வேண்டும். இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் தட்டி அமர்த்தி, கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். கால் நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் ஷூவின் முனையில் ஆயிரம் முறை முட்டினால் அடியில் இரத்தம் கட்டிக் கறுத்துவிடும்.

இந்தத் தசை வேதனைக்கு ஒரு தடுப்பு உண்டு, செலவே இல்லாதது. ஒருமுறை இறக்கத்தில் வேலை செய்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே சேதமாகும். ஊருக்கு வரப்போகும் சித்தியிடம் இரண்டு வாரம் முன்பே போனில் சொல்லுங்கள்: அடுக்குமாடியில் லிப்டில் மேலே போய்ப் படியில் இறங்கட்டும். வாரத்துக்கு இரண்டு நாள், எட்டுப் பத்து மாடி போதும். எல்லாரும் செய்வது இதற்கு நேர்மாறு, படியில் ஏறி லிப்டில் இறங்குவது. அது மூச்சுக்குத்தான் பயிற்சி.

அடுத்தது வெளிச்சம். நம் மலை மேற்கே நிற்கிறது. ஊரில் சூரியன் ஆறு மணிவாக்கில் மறைந்தால், மலையின் கிழக்கு அடிவாரப் பாதையில் வெகுமுன்பே முகட்டுக்குப் பின்னால் போய்விடும். எவ்வளவு முன்பு என்று கையாலேயே அளக்கலாம். கையை நன்றாக நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நம் அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால், ஒரு முஷ்டி இறங்க 40 நிமிடம் ஆகும். சூரியனுக்கும் முகட்டுக்கும் நடுவே இரண்டு முஷ்டி இடைவெளி இருந்தால், ஒரு மணி இருபது நிமிடத்தில் பாதையில் நிழல் விழும். மரக்கூரைக்கு அடியில் கல்லும் வேரும் ஒரே நிறமாகத் தெரியும் நேரம் அது. இந்தப் பாதைகளில் பல, 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைக்குள் வருகின்றன. அந்திநேரம் கரடியும் யானையும் நடமாடும் நேரம். அனுமதியும் நேரக்கட்டுப்பாடும் மாறிக்கொண்டிருக்கும். முந்தின நாளே சோதனைச்சாவடியில் கேட்டுவிடுவது நல்லது.

இப்போது மழை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கச் சரிவில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, அங்கேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி வருவது நமக்குச் சாரல். கிழக்குச் சரிவில் பெருமழை அடிப்பது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில். இது எல்லாருக்கும் தெரியும். சித்திரை, வைகாசி மழையைத்தான் வெளியூர்க்காரர்கள் எதிர்பார்ப்பதில்லை. காலை வெயிலில் சரிவுகள் சூடாகின்றன. சூடான காற்று சரிவைத் தழுவிக்கொண்டு மேலே ஏறி, ஈரத்தையும் கொண்டுபோகிறது. பதினொரு மணிக்கு முகட்டில் வெள்ளைப் பஞ்சு தெரியும், ஒரு மணிக்கு அதன் அடிவயிறு கறுக்கும், இரண்டிலிருந்து நாலுக்குள் இடியோடு கொட்டும். அருவிக்கரையில் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம்.

ஆபத்தின் அளவைக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். ஓர் ஓடைக்கு மேலே 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு. அதில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை. விழுந்த தண்ணீர் 50 கோடி லிட்டர். பாதியை மண்ணும் மரமும் உறிஞ்சிக்கொண்டாலும் மீதி 25 கோடி லிட்டர், செங்குத்தான பாறைச்சரிவில் நிற்க இடமில்லாமல், நீங்கள் காலையில் கணுக்கால் நனையத் தாண்டிய அதே இடுக்கு வழியாகத்தான் வர வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படி வந்த திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார்.

வெள்ளம் சொல்லாமல் வருவதில்லை. அதன் பாஷை தெரிய வேண்டும். தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் திடீரென்று கூட்டமாக மிதந்து வரும். சலசலப்பு கனத்த இரைச்சலாகும். உட்கார்ந்து சாப்பிடும் முன்பே ஒரு வேலை செய்யுங்கள். தண்ணீரின் ஓரத்தில், ஈரம் முடியும் இடத்தில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுப்பைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். கல் நனைந்தால் எல்லாரும் எழுந்துவிட வேண்டும். "ஏல, தண்ணி கலங்குது, மேல ஏறுங்க" என்ற குரல் கேட்டதும் பாத்திரம், பை, செருப்பு எதையும் தேடாமல் பக்கவாட்டில் கரைமேல் ஏற வேண்டும். ஓடையோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது. தண்ணீர் உங்களைவிட வேகம்.

அக்கரையில் மாட்டிக்கொண்டால் காத்திருங்கள். ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஓர் இலையைப் போட்டுப் பாருங்கள்: நீங்கள் நடக்கும் வேகத்தைவிட இலை முந்திப் போனால், முழங்கால் ஆழம்கூடத் தாண்டத் தக்கதல்ல. கலங்கிய நீரில் அடியில் உருளும் கல் கண்ணுக்குத் தெரியாது என்பது இன்னொரு காரணம். சின்ன ஓடையின் வெள்ளம் ஏறிய மாதிரியே வடிந்தும் விடும். மேலே மழை நின்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் வழி கிடைக்கும். அந்தக் காத்திருப்புக்காகவே ஆளுக்கு ஒரு மாற்றுச் சட்டையும் குழுவுக்கு இரண்டு டார்ச் லைட்டும் பையில் வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஊரைவிட ஆறு பாகை குளிர் கூடுதல், நனைந்த துணியில் குழந்தைகள் சீக்கிரம் நடுங்கிவிடும்.

தண்ணீர் பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர் கணக்கு. ஈரக்காட்டில் வியர்வை உலராமல் வழிந்தோடும், உடம்பு குளிராது, உப்பு மட்டும் போகும். வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட நீர்மோர் மேல். அல்லது ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடந்து முடித்துச் சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம். சட்டைப்பையில் ஒரு துண்டு கருப்பட்டி இருக்கட்டும்.

அட்டை கடித்தால் பதற வேண்டாம். அதன் மெல்லிய முனைதான் வாய். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து அந்த முனையைத் தள்ளினால் கழன்றுவிடும், பிறகு தடித்த முனையையும் எடுக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கடிவாய் நெடுநேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் போதும். இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்குக் கசிவு இன்னும் நீளும். அவர்களுக்கு நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிவிட்டு அழைத்துப் போங்கள்.

வீடு வந்து சேர்ந்த ராத்திரி யாருக்கும் பெரிதாக வலிக்காது. சேதமான இழைகளைச் சரிசெய்யும் வேலை மறுநாள்தான் சூடு பிடிக்கிறது. வலி 24 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். மெதுவான நடை, வெந்நீர்க் குளியல், நல்ல தூக்கம் போதும். அழுத்தித் தேய்த்துவிட வேண்டாம். வலியோடு சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறி அது. ஊர் திரும்பும் நாளையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். சனிக்கிழமை மலைக்குப் போனால் ஞாயிறு ராத்திரி ரயில் ஏறும் நேரத்தில்தான் தொடை வலி முற்றியிருக்கும். அத்தைக்கும் சித்திக்கும் கீழ் பெர்த் கிடைக்கவில்லை என்றால், மலையை வியாழக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள்.