அலுமாரி மேலிருந்து இரைந்த சுவிட்ச்

கொக்குவிலில் ஒரு வீட்டின் இணைய இணைப்பைப் பார்க்கச் சென்றபோது, படலையைத் திறந்ததுமே உள்ளே யாரோ மாவரைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். விறாந்தையைக் கடந்த பிறகுதான் இரும்பு அலுமாரியின் மேல் 48 போர்ட் (கேபிள் செருகும் துளை) கொண்ட தரவுமைய சுவிட்ச் ஒன்று இரைந்துகொண்டிருப்பது தெரிந்தது. இது மின்விளக்குச் சுவிட்ச் அல்ல, பல கணினிகளைக் கேபிளால் ஒரே வலையில் இணைக்கும் பெட்டி. கனடாவில் ஏதோ நிறுவனம் கழித்துவிட்டதை மலிவாக வாங்கி, வீட்டுக்காரரின் சித்தப்பா தன் பயணப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். 48 போர்ட்களில் பாவனையில் இருந்தவை ஆறு.

"திறந்த சுவிட்ச்தானே தம்பி, விரும்பின மென்பொருளைப் போடலாமாம்" என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதில் பிழையில்லை. வழக்கமான சுவிட்சில் பெட்டியும் மென்பொருளும் ஒரே தயாரிப்பாளரின் கையில் இருக்கும். திறந்த சுவிட்சிலோ ஓனீ எனப்படும் சிறிய நிறுவல் மென்பொருள் மட்டும் இருக்கும், அதனூடாக வேறொருவர் உருவாக்கிய இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ளலாம். ஓனீயை 2012இல் உருவாக்கிய கியூமுலஸ் நெட்வர்க்ஸ் நிறுவனத்தை 2020இல் என்விடியா வாங்கியது. அதன் பின்னர் பிராட்காம் நிறுவனத்தின் சிப் கொண்ட சுவிட்ச்களுக்கு, கியூமுலஸின் இயங்குதளமான கியூமுலஸ் லினக்ஸின் புதிய பதிப்புகள் வருவது நின்றுபோயிற்று. பழைய பொருட்களாக மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை பிராட்காம் சிப் கொண்டவையே. மைக்ரோசொப்ட் 2016இல் திறந்துவிட்ட சோனிக் என்ற சுவிட்ச் இயங்குதளம் இன்று லினக்ஸ் பவுண்டேசனின் கீழ் வளர்கிறது என்றாலும், அது பெரிய தரவுமையங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. வீட்டு வேலைக்கு அது பனங்கொட்டை உடைக்கப் புல்டோசர் பிடிப்பது போன்றது.

இன்னொரு சிக்கல் பெட்டியின் உள்ளேயே இருக்கலாம். அக்காலத்துத் திறந்த சுவிட்ச்கள் பலவற்றில் இன்டெல் அட்டம் சி2000 வரிசைச் செயலி பொருத்தப்பட்டிருந்தது. அதன் கடிகாரச் சமிக்ஞை காலப்போக்கில் நின்றுவிடக்கூடும் என்பதும், நின்றால் பெட்டி மீண்டும் எழும்பாது என்பதும் 2017இன் தொடக்கத்தில் வெளிவந்தன. திருத்தப்பட்ட பலகைகளும் பின்னர் வந்தன. ஆனால் கையில் இருப்பது எந்தப் பலகை என்று பழைய பொருள் விற்பவரிடம் கேட்டு எனக்கு இதுவரை பதில் கிடைத்ததில்லை.

மின்சாரக் கணக்கு இதைவிட எளிது. மின்மானியைச் செருகிப் பார்த்தபோது அந்தப் பெட்டி ஏறத்தாழ 100 வாட் இழுத்தது. இடைவிடாது ஓடினால் மாதத்துக்கு 72 அலகு. 60 அலகைத் தாண்டியதும் கட்டணப் படி மாறும் நம் நாட்டில், இந்த ஒரு பெட்டியே வீட்டை அடுத்த படிக்கு ஏற்றிவிடும். காற்றாடி இல்லாத 8 போர்ட் சுவிட்ச் 5 வாட் அளவில் ஓடினால் மாதம் 3.6 அலகுதான், மின்வெட்டின்போது சிறிய யு.பி.எஸ்ஸே அதை நெடுநேரம் தாங்கும்.

அப்படிப்பட்ட சிறிய சுவிட்சிலும் திறந்த மென்பொருள் ஓடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரவுட்டர்களில் ஏற்றிப் பயன்படுத்தும் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி என்ற திறந்த மென்பொருள், 2021இல் வந்த 21.02 பதிப்பிலிருந்து, ரியல்டெக் சிப் கொண்ட சுவிட்ச்களிலும் இயங்குகிறது. சைக்செல் ஜிஎஸ்1900-8 அதற்கு நல்ல உதாரணம். வாங்குமுன் பெட்டியைத் திருப்பி அடிச்சீட்டை வாசிக்க வேண்டும். நெட்கியர் ஜிஎஸ்108டி என்ற ஒரே பெயரில் மூன்று பதிப்புகள் உண்டு. அவற்றில் "வி3" என்று அச்சிட்டது மட்டுமே ரியல்டெக் சிப் கொண்டது, முந்தைய இரண்டிலும் இந்த மென்பொருள் ஏறாது. கடைசி எழுத்து டி என்பதற்குப் பதிலாக ஈ என்றிருந்தால் அது வேறு பொருளே. சீட்டின் எழுத்து மிகச் சிறியது. நான் தொலைபேசியில் படமெடுத்துப் பெருப்பித்துத்தான் வாசிப்பேன்.

இந்தச் சுவிட்சை ரவுட்டராக்கும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்வது நல்லது. போர்ட்டிலிருந்து போர்ட்டுக்குப் போகும் தரவைச் சிப்பே முழு வேகத்தில் கடத்தும். ரவுட்டர் வேலையோ 500 மெகாஹெர்ட்ஸ் செயலியின் தலையில் விழும். பைபர் இணைப்பின் வேகத்தை அது தாங்காது. சுவிட்ச் செய்ய வேண்டியது வீலான் பிரிப்பு, அதாவது ஒரே பெட்டியில் இருக்கும் வலையை ஒன்றையொன்று காணாத தனி வலைகளாகப் பிரிப்பது. கொக்குவில் வீட்டின் பின்பக்க அறைகளில் பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களின் இணைப்பும், கண்காணிப்புக் கமராக்களும், வீட்டாரின் கணினிகளும் ஒரே வலையில் கிடந்தன. இப்போது அவை மூன்று வீலான்கள்.

அந்த அறைகளுக்கு வளவைத் தாண்டிச் சென்ற செம்புக் கேபிள், ஐப்பசி இடிமின்னலில் ஏற்கெனவே இரண்டு போர்ட்களைப் பொசுக்கியிருந்தது. மின்னலின் வீச்சைக் கண்ணாடி இழை கடத்தாது என்பதால், பைபர் செருகும் எஸ்.எப்.பி துளைகளும், கமராக்களுக்குக் கேபிள் வழியே மின்சாரம் தரும் வசதியும் கொண்ட ஜிஎஸ்1900-10எச்பி மாதிரியைத் தெரிவுசெய்தோம். மென்பொருளை மாற்றிய பின், கேபிள் வழியே மின்சாரம் தருவதைக் கவனிக்கும் "ரியல்டெக்-பிஓஈ" என்ற பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை மறந்துவிட்டுக் கமரா பழுது என்று அரை நாள் தேடியவன் நான்.

சித்தப்பாவுக்கு அனுப்பிய செய்தியில் இம்முறை மாதிரி எண்ணை முழுமையாக எழுதி, காசு கொடுக்குமுன் அடிச்சீட்டைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தோம்.