பள்ளியில் கண் பார்த்துவிட்டார்கள் என்று நிறப்பார்வையை விட்டுவிடாதீர்கள்

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வை எழுதிப் பாஸான ஒரு பையன். மெடிக்கலில் இஷிஹாரா புத்தகத்தின், அதாவது வண்ணப் புள்ளிகளுக்குள் எண்ணை மறைத்து வைத்து நிறப்பார்வையைச் சோதிக்கும் புத்தகத்தின், முதல் பக்கத்தைப் பார்த்து 12 என்றான். அது எல்லோருக்கும் தெரியும் பக்கம். அடுத்தடுத்த பக்கங்களில் அவனுக்கு வெறும் புள்ளிகள்தான். சில நிறங்களைப் பிரித்தறிய முடியாத இந்தக் குறையைத்தான் ‘கலர் பிளைண்ட்’ என்கிறார்கள். பள்ளியில் படித்த காலமெல்லாம் ஒருவரும் சோதிக்கவில்லை.

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் குழு 2013 முதல் பள்ளிகளுக்கு வருகிறது. எழுத்து அட்டையைத் தூரத்தில் வைத்துப் படிக்கச் சொல்வார்கள், மங்கலென்றால் கண்ணாடிக்கு எழுதுவார்கள். நிறத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பிள்ளையின் பரிசோதனை அட்டையில் ‘பார்வை நார்மல்’ என்றிருந்தால் நிறமும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். பெற்றோர் ஏமாறுவது இங்கேதான்.

நீங்களாகக் கேட்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் “புக் இல்ல, ஜி.எச். போங்க” என்பார்கள். அங்கே போனால் “கண்ணு நல்லாத்தானே இருக்கு, எதுக்கும்மா?” இப்படியே மூன்று நாள் கூலியை இழந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். கண் டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். ஓ.பி. சீட்டிலேயே ‘கலர் விஷன் டெஸ்ட்’ என்று எழுதச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எண் தெரியாத பிள்ளைக்கு, வளைந்து செல்லும் கோட்டை விரலால் தொடரும் பக்கங்கள் அந்தப் புத்தகத்திலேயே இருக்கின்றன. “எண் படிக்கத் தெரிஞ்சப்புறம் வாங்க” என்றால் திரும்பி வராதீர்கள்.

சீட்டில் வெறும் ‘கலர் பிளைண்ட்’ என்று வாங்கி வராதீர்கள். லேசா, நடுத்தரமா, கடுமையா என்பது வேண்டும். 2020 ஜூனில் விதியைத் திருத்திய பிறகு முதல் இரண்டுக்கும் ஓட்டுநர் உரிமம் உண்டு. இஷிஹாராவை மட்டும் வைத்து அந்த அளவைச் சொல்ல முடியாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தரக் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு அலைய வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இது இல்லை, இடஒதுக்கீடும் கிடைக்காது. அதற்காக எல்லா வேலைக்கும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் குறையால் தமிழ்நாடு மின்வாரிய உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்டவருக்குப் பொருத்தமான பணி தரச் சொல்லி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ரயில்வேயிலேயே சி-1, சி-2 என்ற மருத்துவத் தரப் பிரிவுகளில் வரும் பணிகளுக்கு நிறப்பார்வை கேட்பதில்லை. பத்தாம் வகுப்பில் தெரிந்திருந்தால் அந்தப் பையன் இந்தப் பணிகளுக்குத் தயாராகியிருப்பான்.

பிறவியில் வரும் இதற்குச் சிகிச்சை இல்லை. குணமாக்கும் கண்ணாடி என்று விற்பதற்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

தாய்வழித் தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்தால் பையனை ஒன்றாம் வகுப்பிலேயே காட்டுங்கள். சீட்டின் நகலை வகுப்பு டீச்சரிடம் கொடுங்கள். இலைக்குப் பழுப்பு அடித்ததற்காக அவன் இனி அடி வாங்கக் கூடாது.