எண்டோஸ்கோப்பி: அகநோக்கியா, உள்நோக்கியா?

ரத்தவாந்தி எடுத்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், "வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கணும்" என்பார்கள். வீட்டார் பதறிப்போய், "பார்க்கிறது இருக்கட்டும், ரத்தம் எப்போ நிற்கும்?" என்பார்கள். இந்தக் குழப்பத்துக்குப் பதற்றம் மட்டும் காரணமில்லை, எண்டோஸ்கோப்பி என்ற சொல்லுக்கும் பங்குண்டு.

கிரேக்கத்தில் 'எண்டோன்' என்றால் உள்ளே, 'ஸ்கோபெயின்' என்றால் உற்றுப் பார்த்தல். 1853இல் பிரெஞ்சு மருத்துவர் தெசோர்மோ, சிறுநீர்ப்பையைப் பார்க்கத் தாம் செய்த விளக்குக் குழாய்க்கு 'எண்டோஸ்கோப்' என்று பெயர் சொன்னார். 1868இல் ஜெர்மனியின் குஸ்மால் இரைப்பைக்குள் பார்க்க முயன்றபோது, அந்த வளையாத குழாயை விழுங்க வாள் விழுங்கும் வித்தைக்காரர்தான் வேண்டியிருந்தது. மருத்துவர் ஹிர்ஷோவிட்ஸ் 1957இல் வளையும் கண்ணாடியிழைக் கருவியைக் காட்டிய பிறகே இது எல்லோருக்கும் ஆகக்கூடிய காரியமானது. கருவி எவ்வளவோ மாறிவிட்டது. பெயர் மட்டும் 'உள்ளே பார்ப்பது' என்பதோடு நின்றுவிட்டது.

தமிழில் உள்நோக்கி, அகநோக்கி என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் இரண்டுமே பொருந்தும். ஆனால் 'உள்நோக்கி' என்றதும் 'உள்நோக்கம்' நினைவுக்கு வந்து இடறுகிறது. அதனால் என் தேர்வு அகநோக்கி. கருவி அகநோக்கி, செய்யும் செயல் அகநோக்கல்.

அடுத்து, எங்கிருந்து ரத்தம்? உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் மூன்றும் சேர்ந்ததை மேல் உணவுப்பாதை எனலாம். அங்கே வரும் ரத்தத்தை எல்லாம் 'ரத்தக்கசிவு' என்று எழுதிவிடுகிறோம். இதுதான் எனக்கு உறுத்துகிறது. கசிவது வேறு, பெருகுவது வேறு. நாடித்துடிப்பு ஏறி, ரத்த அழுத்தம் இறங்கி, ஆளே மயங்கும் நிலையைக் கசிவு என்றால் அவசரம் யாருக்குப் புரியும்? அது ரத்தப்பெருக்கு. வயிற்றுப்புண்ணை அகநோக்கியில் பார்த்து வகைப்படுத்த 1974இல் வந்த ஃபாரஸ்ட் முறையும் பீறிடுவதையும் கசிவதையும் தனித்தனியாகத்தான் வைக்கிறது. பீறிடுவது 1ஏ, கசிவது 1பி. நம் மொழியில் இந்த வேறுபாடு ஏற்கனவே இருக்கிறது, எழுதும்போது பயன்படுத்தினால் போதும்.

தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கெட்ட வாடையோடு போகும் மலத்துக்கு மருத்துவத்தில் 'மெலீனா' என்று பெயர். கறுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. தமிழில் கருமலம். ரத்தம் குடலில் செரிமானமாகி வருவதால் வரும் நிறம் அது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்தத் தார்ப்பிசுபிசுப்பு இருக்காது.

சரி, உள்ளே போன குழாய் என்ன செய்கிறது? முதலில் சலைனோ ரத்தமோ ஏற்றி ஆளை நிலைப்படுத்துவார்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அகநோக்கல் நடக்கும். புண்ணில் ரத்தம் பீறிட்டால், பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த அட்ரினலினைச் சுற்றிலும் ஊசியால் ஏற்றுவார்கள். திசு உப்பி ரத்தக்குழாயை நெருக்கும், குழாயும் சுருங்கும். அந்த மருந்தின் வேகம் சிறிது நேரத்தில் தணிந்துவிடும் என்பதால் அதோடு விடுவதில்லை. சின்ன உலோகக் கிளிப்பால் ரத்தக்குழாயைக் கவ்விவிடுவார்கள், அல்லது சூடு வைத்து அடைப்பார்கள். கல்லீரல் சுருங்கி உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடித்திருந்தால் வழி வேறு. குழாய் முனையில் உள்ள சிறு குப்பிக்குள் புடைத்த சிரையை உறிஞ்சி இழுத்து, அடியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். ரத்தம் தடைபட்ட அந்த மொட்டு சில நாளில் வாடி உதிர, அந்த இடம் தழும்பாகும். அதற்குப் பெயர் வளையக்கட்டு.

இத்தனையும் செய்யும் கருவியை 'நோக்கி' என்பது தகுமா? தகும் என்பேன். தமிழில் 'பார்' என்பது கண்ணோடு நிற்கிற சொல் அல்லவே. வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், நோயாளியைக் கூட இருந்து பார்த்துக்கொள்கிறோம். பழந்தமிழில் 'நோக்கு' என்பதற்கும் காத்தல் என்ற பொருள் உண்டு. கிரேக்கச் சொல்லில் இல்லாத வைத்தியம் நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அறிக்கையில் தெளிவாக எழுத வேண்டிய இடத்தில் 'அகநோக்கிவழிச் சிகிச்சை' என்று எழுதலாம். வராந்தாவில் நிற்கும் வீட்டாரிடம், "அகநோக்கி விட்டு ரத்தத்தை நிறுத்தப் போகிறோம்" என்று சொல்லலாம்.