தெளிவாக்கிய முகம் அப்பாவின் முகமல்ல

அந்தியேட்டிக் கிரியைக்குச் சட்டமிட வேண்டும் என்று சென்ற வாரமும் ஒரு குடும்பத்தினர், காலமான தந்தையாரின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையிலுள்ள எமது ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். திருமணக் குழுப்படம் ஒன்றிலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, செயலி ஒன்றில் இட்டுத் 'தெளிவாக்கிய' படம் அது. நெற்றியிலிருந்த திருநீற்றுக் குறிகள் தோற்சுருக்கங்களாக மாறியிருந்தன. மூக்கோரத்து மச்சத்தைக் காணவில்லை. "அப்பா மாதிரித்தான் இருக்கு, ஆனா அப்பா இல்லை" என்றார் மகள்.

மங்கலான படத்துக்குள் தெளிவு ஒளிந்திருக்கிறது, கணினி தெரிந்தவர் அதை வெளியே எடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை இப்போது எல்லோரிடமும் பரவிவிட்டது. அப்படி எதுவும் ஒளிந்திருப்பதில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும் படம் நீளப் பக்கத்தில் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகச் (பிக்சல்) சுருங்கிவிடுகிறது. பத்துப் பேர் வரிசையாக நிற்கும் அப்படத்தில் ஒருவரது முகத்துக்கு 100 புள்ளி அகலம்கூடத் தேறாது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது எங்கள் தொழிற்கணக்கு; அப்படியானால் அந்த முகம் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு அகலத்துக்குக்கூடப் போதாது. இல்லாத புள்ளிகளைச் செயலி மீட்பதில்லை. வேறு எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகியதைக் கொண்டு, இங்கே இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. பிலிம் காலத்தில் அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் படம் பொரிபொரியாகத் தெரிந்ததே தவிர, ஒருவர் முகத்தில் இன்னொருவர் மூக்கு வந்து உட்காரவில்லை. மங்கலாக இருந்தாலும் அது அவருடைய முகம்தான் என்று நம்பிச் சுவரில் மாட்ட முடிந்தது.

ஆகவே, முதலில் அந்தப் படத்தை எடுத்தவரைத் தேடிப் பிடியுங்கள். அவரிடமுள்ள மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் 'டொக்கியூமண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுவாருங்கள். முகநூலிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைக்கு மேலால் பிளாஷ் அடித்துப் படமெடுத்து அனுப்பாதீர்கள்; ஆல்பத்தையே கொண்டுவந்தால் நாங்கள் ஸ்கேன் செய்து, கையோடு திருப்பித் தருவோம். செயலியில் போட்டுவிட்டீர்களானால், போடுவதற்கு முந்திய படத்தையும் தயவுசெய்து அழிக்காமல் வைத்திருங்கள், ஏனெனில் மச்சம் எங்கே இருந்தது என்பதை அதைப் பார்த்துத்தான் நாங்கள் அறிய முடியும். வீட்டு அலுமாரியில் பழைய நெகட்டிவ்கள் கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சணம் பிடிக்காதவற்றிலிருந்து இன்றும் பெரிய படம் எடுக்கலாம்.