கவுண்டி சீட்: சொல்லும் பொருளும்

கவுண்டி என்றதும் நம்மில் பலருக்கு இங்கிலாந்து கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த ஆட்சிப் பகுதிக்கும் அதுவே பெயர்; அதன் தலைமையிடமான ஊர்தான் கவுண்டி சீட். சொல் அங்கே போனது இங்கிலாந்திலிருந்துதான். இலத்தீனில் 'கோமெஸ்' என்றால் உடன் வருபவன், அரசனின் துணைவன். அதுவே பிரெஞ்சில் ஒரு பிரபுப் பட்டமாகி, அந்தப் பிரபுவின் ஆட்சிப் பகுதிக்கும் பெயரானது. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் அதைக் கொண்டுவந்தார்கள். அங்கே ஏற்கெனவே 'ஷயர்' என்ற சொல் இருந்தது. யார்க்‌ஷயர் போன்ற பெயர்களில் அது இன்றும் இருக்கிறது. 1634-இல் வர்ஜீனியாவை எட்டாகப் பிரித்தபோதுகூட முதலில் ஷயர் என்றுதான் சொன்னார்கள்.

சரி, சீட்? ஆட்சி உட்கார்ந்திருக்கும் இடம். கவுண்டியின் நீதிமன்றம், ஷெரிஃப் எனப்படும் காவல் தலைவர், நிலப் பத்திரப் பதிவு, வரி எல்லாம் அந்த ஊரில். பத்தொன்பதாம் நூற்றாண்டு விவசாயி நிலம் பதியவும் வழக்காடவும் அங்கே போயாக வேண்டும். அவரை நம்பி வக்கீலும் விடுதியும் கடையும் வந்துவிடும். கவுண்டி சீட் என்ற பட்டம் வேறு ஊருக்குக் கைமாறினால் ஊரே படுத்துவிடும். அதனால் அந்தப் பட்டத்துக்காக ஊர்களுக்குள் நடந்த சண்டை வெறும் பேச்சோடு நிற்கவில்லை: கான்சாஸின் கிரே கவுண்டியில் 1889-இல் போட்டி ஊரான இங்கல்ஸின் தரப்பினர் கவுண்டி ஆவணங்களை அள்ளிக்கொண்டு போக சிமரான் ஊருக்குள் புகுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனது.

இந்தச் சொல் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கு மேற்கு டெக்சாஸின் மார்ஃபா நல்ல சான்று. சிவாவா பாலைவனத்தின் மேட்டுப் புல்வெளியில், மெக்சிகோ எல்லையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில் நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்கும் ரயில் நிறுத்தமாகப் பிறந்த ஊர். அப்போது பிரெசிடியோ கவுண்டிக்குத் தலைமையிடம் ஃபோர்ட் டேவிஸ். ரயில் தடம் அந்த ஊரைத் தொடவில்லை. 1885-இல் தலைமையிடம் மார்ஃபாவுக்குப் போனது. அடுத்த ஆண்டே கோபுரக் கூரையோடு பெரிய நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. ஃபோர்ட் டேவிஸ்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1887-இல் ஜெஃப் டேவிஸ் கவுண்டி தனியாகப் பிரிந்து, அவர்கள் ஊர் மறுபடி தலைமையிடமானது. ஊர் இழந்த பதவிக்காக ஒரு கவுண்டியே பிறந்த கதை இது. மார்ஃபாவின் மக்கள்தொகை இன்று 2,000-க்கும் கீழே. 1970-களில் சிற்பி டொனால்ட் ஜட் அங்கே குடியேறிய பிறகு ஊரைத் தேடிக் கலை ரசிகர்கள் வருகிறார்கள். நீதிமன்றம் அதே சதுக்கத்தில் நிற்கிறது.

தமிழில் 'மாவட்டத் தலைநகர்' என்று எழுதுகிறோம். பாதி பொருந்தும். மாநிலத்துக்கு அடுத்த அடுக்கு என்ற அளவில் கவுண்டியை மாவட்டம் எனலாம். ஆனால் நம் மாவட்டத்தை அரசு நியமிக்கும் ஆட்சியர் நடத்துகிறார். அங்கே ஷெரிஃப் உட்படப் பலர் மக்கள் ஓட்டில் வருபவர்கள். எனவே 'கவுண்டி' அப்படியே இருக்கட்டும். தலைநகர்தான் எனக்கு உறுத்துகிறது: மார்ஃபா எந்தக் கணக்கில் நகர்? 'தலைமையூர்' என்றால் போதும். சிறிய மார்ஃபாவும் ஊர்தான், குக் கவுண்டியின் சிகாகோவும் ஊர்தான். பழைய ஷயர் பெயரை விடாத வெர்மான்டின் 'ஷயர் டவுன்', கவுண்டியைப் பாரிஷ் என்று சொல்லும் லூசியானாவின் 'பாரிஷ் சீட்' ஆகியவற்றுக்கும் இதே சொல் பொருந்தும். பன்மையிலும் இடறாது: வெர்மான்டின் பென்னிங்டன் கவுண்டிக்குத் தலைமையூர்கள் இரண்டு, பென்னிங்டனும் மான்செஸ்டரும்.