சவரன்: சொல்லும் காசும்

தங்கம் சவரனுக்கு இவ்வளவு என்று நாளேடுகள் தினமும் எழுதுகின்றன. அங்கே சவரன் என்றால் எட்டு கிராம். இந்தப் பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. சொல்லின் முதற்பொருள் ஒரு காசு: 7.988 கிராம் எடை, 22.05 மில்லிமீட்டர் விட்டம், 22 காரட் தங்கம், ஒரு பக்கம் பிரிட்டிஷ் அரசரின் தலை, மறுபக்கம் பெரும்பாலும் குதிரைமீது இருந்தபடி டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ். தமிழில் காசு மறைந்து எடை நிலைத்துவிட்டது. அதனால் ஒரு நட்டமும் உண்டு. பாட்டி பெட்டியில் வைத்துவிட்டுப் போன உண்மையான சவரன் காசைக்கூட நாம் எடையாகவே பார்க்கிறோம். தராசில் வைக்கிறோம், அன்றைய விலையைக் கேட்கிறோம், உருக்கக் கொடுத்துவிடுகிறோம்.

சவரனுக்கு மூலமான 'சாவரின்' (sovereign) என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு மொழியின் 'சொவரைன்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு வேர் 'மேலே' என்று பொருள்படும் 'சூப்பர்' என்ற இலத்தீன் சொல். மேலே இருப்பவன், தனக்குமேல் ஒருவர் இல்லாதவன், ஆகவே அரசன். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் நிற்கும் 'ஜி' பின்னாளில் நுழைந்தது. ஆட்சி என்று பொருள்படும் 'ரெயின்' என்ற சொல்லோடு உறவு இருப்பதாக எண்ணிச் சேர்த்த எழுத்து அது. தமிழர் காதுக்கு அந்தத் தொல்லை இல்லை. கேட்டபடி சவரன் என்றார்கள். சவரத்துக்கும் இதற்கும் வேர்த்தொடர்பு கிடையாது. ஆனால் காசின் விளிம்பைச் சுரண்டித் தங்கம் திருடுவது ஐரோப்பாவில் பழைய தொழில். அந்தச் சவரத்தைத் தடுக்கத்தான் விளிம்பில் நெருக்கமான வரிகள் பதிக்கப்பட்டன.

காசுக்கு இந்தப் பெயர் வந்தது இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றி காலத்தில். 1489 அக்டோபரில் அவர் உத்தரவிட்ட புதிய தங்கக் காசின் மதிப்பு 20 ஷில்லிங், எடை 240 கிரெய்ன். இன்றைய கணக்கில் சுமார் 15.5 கிராம், அதாவது இப்போதைய சவரனைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. 1485-இல் போர்க்களத்தில் வென்று முடிசூடியவர் ஹென்றி. தன் அரசுரிமையை ஊரார் கண்ணில் படும்படி நிறுவ வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. காசின் முகப்பில் அரியணையில் நேர்நோக்கி அமர்ந்திருக்கிறார். மறுபக்கம் அவருடைய டியூடர் குலத்தின் சின்னமான ரோஜா. உருவம் அரசன், ஆகவே காசின் பெயரும் அரசன். பன்றி உருவம் பொறித்ததை வராகன் என்று அழைத்ததும், சோழர் கல்வெட்டில் அரசன் பெயரால் மதுராந்தகன் மாடை என்று ஒரு காசு வழங்கியதும் இதே வழக்கம்தான். முதலாம் ஜேம்ஸ் காலத்தில் 1604-இல் யுனைட் என்ற காசு வந்ததும் சவரன் என்ற பெயர் ஒழிந்தது. பிறகு இருநூறு ஆண்டுகளுக்குமேல் அந்தப் பெயரில் காசே இல்லை.

நெப்போலியனோடு நடந்த போர்கள் முடிந்த பிறகு பிரிட்டன் தன் நாணயங்களை ஒழுங்குபடுத்தியது. அப்போது புழங்கிய தங்கக் காசு கினி. அதன் மதிப்பு 21 ஷில்லிங், கணக்குப் போடுபவருக்குத் தலைவலி. 1816-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சரியாக 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு மதிப்பில் புதுக் காசு வந்தது. 1817-இல் வெளியான அதற்குப் பழைய பெயரையே தேடிப்பிடித்து வைத்தார்கள். எடை ஏன் 7.988 என்ற முழுமையற்ற எண்ணில் நிற்கிறது? 40 டிராய் பவுண்டு (தங்கம், வெள்ளி நிறுக்கும் பழைய பிரிட்டிஷ் அளவு) எடையுள்ள 22 காரட் தங்கத்திலிருந்து 1,869 காசுகள் அடிக்க வேண்டும் என்பது விதி. வகுத்துப் பார்த்தால் ஒரு காசுக்கு 123.274 கிரெய்ன் வருகிறது. அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம்; மிச்சம் பெரும்பாலும் செம்பு. 22-ஐ 24-ஆல் வகுத்தால் கிடைக்கும் விகிதம்தான் நம் நகைகளில் காணும் 916. இங்கிலாந்துக் காசுக்கு இந்த 22 காரட் தரம் வந்தது 1526-இல், எட்டாம் ஹென்றி காலத்தில்.

புனித ஜார்ஜைச் செதுக்கியவர் ரோமில் பிறந்த பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி. 1825-இல் அந்தப் படத்தை விலக்கிக் கேடயச் சின்னத்தைப் போட்டார்கள். 1871-இல் குதிரைவீரன் திரும்பி வந்தான். இரண்டு படங்களில் கேடயம்தான் சிறப்பு என்று வாதிடும் சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்குக் குதிரை.

சவரனுக்குப் 'பவுன்' என்று இன்னொரு பெயரும் இருக்கிறதே, அதன் பயணம் இதைவிட வியப்பானது. பவுண்டு என்பது மூலத்தில் எடை. இலத்தீனில் 'பொண்டோ' என்றால் எடையில் என்று பொருள். ஒரு பவுண்டு வெள்ளியில் 240 பென்னி அடித்ததால் 240 பென்னியை ஒரு பவுண்டு என்றார்கள், எடை பணமாயிற்று. அந்தப் பணத்துக்குத் தங்கத்தில் அடித்த உருவம் சவரன் காசு. அது நம் கரைக்கு வந்தபோது பவுன் என்றும் இலங்கைத் தமிழில் பவுண் என்றும் மலையாளத்தில் பவன் என்றும் வழங்கி, நாளடைவில் எட்டு கிராம் ஆயிற்று. எடையாகப் புறப்பட்ட சொல், பணமாகவும் காசாகவும் வேலை பார்த்துவிட்டு, தங்கத்தின் எடையாக வந்து நின்றிருக்கிறது.

இந்தியாவில் சவரன் வெறும் நகைச்சரக்காக இருக்கவில்லை. 1899-ஆம் ஆண்டுச் சட்டம் அதை இங்கே செல்லுபடியாகும் பணமாக்கியது. ரூபாயின் மதிப்பு 16 பென்ஸ் (பென்னியின் பன்மை) என்று இருந்ததால், 240 பென்ஸ் கொண்ட சவரனுக்கு 15 ரூபாய். 1920-இல் அதைப் பத்து ரூபாய் ஆக்கினார்கள். 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு செல்லுபடி முடிந்தது. இடையில் 1918-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, மும்பையில் பிரிட்டிஷ் அரச அக்கசாலையின், அதாவது காசு அடிக்கும் சாலையின், கிளை ஒன்று திறக்கப்பட்டது. அங்கே அடித்த சவரன்கள் சுமார் 13 லட்சம். எல்லாவற்றிலும் ஆண்டு 1918. குதிரைக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே உள்ள தரைக்கோட்டில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐ' என்ற சிறிய ஆங்கில எழுத்து இருக்கும். அதே ஆண்டு அதே எடையிலும் தரத்திலும் '15 ரூபாய்' என்று பொறித்த தங்கக் காசும் அங்கு அடிக்கப்பட்டது. வீட்டில் ஐந்தாம் ஜார்ஜ் சவரன் இருப்பவர்கள் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அந்தக் கோட்டைப் பார்க்கலாம். 'எஸ்' என்றால் சிட்னி, 'எம்' மெல்போர்ன், 'பி' பெர்த், 'சி' கனடாவின் ஒட்டாவா, 'எஸ்ஏ' தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. எழுத்தே இல்லையென்றால் இலண்டன்.

இனி, காசைக் காசாகப் பார்ப்பவர்கள் அதை எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்பது. தரம் என்றவுடன் நமக்குத் தங்கத்தின் மாற்று, அதாவது தூய்மைதான் நினைவுக்கு வரும். அவர்கள் பார்ப்பது தேய்வை. பிரிட்டிஷ் சேகரிப்பாளர் வழக்கில் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்க்குலேட்டட் என்று படிகள் ஏறுகின்றன. புதியவர்கள் ஏமாறும் இடம் முதற்படி. ஃபைன் என்று பெயர் இருந்தாலும் அது நன்றாகப் புழங்கித் தேய்ந்த காசு. அமெரிக்கர்கள் 1 முதல் 70 வரை எண் கொடுக்கிறார்கள். 1949-இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்த அளவு அது. அதில் 60 முதல் 70 வரை உள்ளவை எல்லாம் புழக்கத்துக்கே போகாதவை. அந்தப் பதினொரு படிகளுக்குள் வெறுங்கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளுக்காகப் பெரும்பணம் கைமாறுவது எனக்கு இன்னும் விளங்காத பக்தி. புரூஃப் என்பதைப் பலர் இந்தப் படிகளின் உச்சி என்று நினைக்கிறார்கள். அது தேய்வைக் குறிப்பதே அல்ல. மெருகேற்றிய அச்சுமுளையால் தனிக்கவனத்தோடு அடித்த காசு என்று பொருள்.

தேய்வு முதலில் மேடான இடங்களைத் தின்னும். விக்டோரியா காசில் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகள், ஐந்தாம் ஜார்ஜ் காசில் புருவமும் தாடியும், மறுபக்கம் வீரனின் தலைக்கவசமும் தொடையும். பள்ளங்களில் அடித்த நாளின் மினுமினுப்பு ஒட்டியிருந்தால் மதிப்பு கூடும். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் காசுக்கு எதிரியாகிறது. பழசு மங்கலாக இருக்கிறதே என்று தேய்த்துக் கழுவி மெருகு போட்டுவிடுகிறோம். மெருகு போட்ட காசில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். சேகரிப்பாளர் அதைத் தொடமாட்டார். காசுமாலையில் கோர்க்க வளையம் பற்றவைத்ததும் அப்படியே. வளையத்தை எடுத்துவிட்டு விளிம்பை அராவினாலும் அங்கே வரி கெட்டிருக்கும். நகைக்கு அது குறையில்லை, காசுக்குத் தீராத காயம்.

அடுத்தது மெய்யா போலியா என்ற கேள்வி. உரைகல்லோ இயந்திரமோ 22 காரட் என்று சொல்லிவிட்டால் நிம்மதி என்று நாம் எண்ணுகிறோம். சவரன் விஷயத்தில் அது போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சவரன் வரத்து மிகக் குறைந்திருந்தது. மத்தியதரைக் கடலோர நாடுகளிலும் அரபு நாடுகளிலும் மக்களுக்கு அந்தக் காசின்மேல் நம்பிக்கை இருந்ததால், உள்ளிருக்கும் தங்கத்தின் விலையைவிடக் கூடுதலாகவே அது விற்றது. அந்த இடைவெளியே போலிக்காரர்களுக்கு லாபம். இத்தாலியிலும் லெபனானிலும் முறையான தங்கத்திலேயே போலிச் சவரன்களை அடித்துத் தள்ளினார்கள். 1957-இல் இரண்டாம் எலிசபெத் உருவத்தோடு பிரிட்டன் மீண்டும் சவரன் அடிக்கத் தொடங்கியதற்கு இந்தப் போலிகளை ஒடுக்குவதும் ஒரு காரணம். ஆகவே கையிலிருப்பது நல்ல தங்கமாக இருந்தும் பொய்க்காசாக இருக்கலாம். உருக்குபவருக்கு அதில் வேறுபாடு இல்லை, சேகரிப்பவருக்கு எல்லாமே அதில்தான்.

எடையும் அளவும் முதற்கட்டச் சல்லடை மட்டுமே. புழக்கத்தில் தேய்ந்த சவரன் 122.5 கிரெய்னுக்கு, அதாவது 7.94 கிராமுக்குக் கீழே போனால் செல்லாது என்று பிரிட்டிஷ் சட்டமே வைத்திருந்தது. காசை நூலில் கட்டி நீரில் மூழ்கடித்து நிறுத்தால் ஏறத்தாழ 0.45 கிராம் குறைய வேண்டும்; செம்பு கலந்த 22 காரட் தங்கத்தின் அடர்த்தி அப்படி. மட்டமான உலோகத்துக்குத் தங்கப்பூச்சு பூசியது இதில் அகப்பட்டுவிடும். நல்ல தங்கத்தில் அடித்த போலி அகப்படாது. அதற்குக் கண்தான் வேண்டும். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இல்லாமல் மெழுகுபோல் வழுவழுத்திருக்கிறதா, தட்டையான பரப்பில் வார்ப்பின் நுண்குழிகள் இருக்கின்றனவா, ஆண்டுக்கு அருகில் பிஸ்ட்ருச்சியின் முதலெழுத்துகள் தெளிவாக நிற்கின்றனவா, விளிம்பு வரிகள் ஒரே சீராக ஓடுகின்றனவா என்று ஐயமற்ற காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

சில போலிகளை வரலாறே காட்டிக்கொடுக்கிறது. 1918 முதல் 1924 வரை ஆண்டு பொறித்த இலண்டன் சவரன் என்று ஒன்று கிடையாது. தரைக்கோடு தேயாமல் தெளிவாக இருந்து, அந்த ஆண்டுகளில் ஏதாவது ஒன்று பொறித்திருந்து, அக்கசாலை எழுத்து மட்டும் இல்லை என்றால் போலி என்று முடிவுசெய்துவிடலாம். 1917 இலண்டன் சவரன் உண்மையிலேயே அடிக்கப்பட்டது, ஆனால் மிக அரிது. அதனாலேயே அதற்குப் போலிகள் அதிகம். 1819-இல் அடித்தவை 3,574 மட்டும். ஆண்டெண்ணை மாற்றிச் செதுக்கி விற்பவர்களுக்கு அது ஆசைக்குரிய எண். எட்டாம் எட்வர்டின் 1937 மாதிரிச் சவரன் ஒன்று 2020-இல் பத்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. அது யார் வீட்டுப் பெட்டியிலும் இருக்க வாய்ப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'சாவரின்' என்பதற்கான தமிழ் இணைச்சொல்லுக்கு வருவோம். 'இறைமைக் காசு' என்று நேராகப் பெயர்த்தால் யாருக்கும் புரியாது; பொற்காசு என்றால் எல்லாத் தங்கக் காசுக்கும் பொருந்திவிடும். சவரன் தமிழ் உடுப்பு அணிந்துவிட்ட சொல். எடையைச் சவரன் என்றும், காசைச் சவரன் காசு அல்லது பிரிட்டிஷ் பொற்காசு என்றும் பிரித்து எழுதினால் போதும். உண்மையில் மீட்க வேண்டியவை சுற்றியுள்ள தொழிற்சொற்கள், அவை நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. காசு அடிக்கும் இடம் அக்கசாலை. கொற்கைக்கு அருகில் ஓர் ஊரின் பெயராகவே அது நிற்கிறது. சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கிறது. காசடிப்புக்குக் கம்பட்டம் என்று பெயர். தங்கத்தின் தரம் மாற்று. காசைச் சோதித்து மெய்யென்று சொல்பவர் வண்ணக்கர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடேயே அந்தத் தொழிற்பெயர் ஒட்டியிருக்கிறது. பிற்காலத்தில் அவரையே நோட்டக்காரர் என்றார்கள், வேலைக்கு நோட்டம் பார்த்தல் என்று பெயர். கிரேடிங் என்பதற்குத் தரப்படுத்தல் என்று எழுதினால் மாற்றோடு குழம்பும். அதனால் தேய்வுநிலை என்ற சொல்லையே விரும்புகிறேன். ஃபைன் 'தேய்ந்தது', வெரி ஃபைன் 'சற்றுத் தேய்ந்தது', எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் 'அரிதாகத் தேய்ந்தது', அன்சர்க்குலேட்டட் 'புழங்காதது'. அப்படியானால் ஒரு விற்பனைப் பட்டியலில் மும்பைக் காசைப் பற்றிய குறிப்பு இவ்வாறு அமையும்: சவரன் காசு, ஐந்தாம் ஜார்ஜ், 1918, மும்பை அக்கசாலை, எடை 7.98 கிராம், சற்றுத் தேய்ந்தது, மெருகோ வளையத் தடமோ இல்லை, நோட்டம் பார்த்தது.