1 ஜிபி சரக்குக்கு 64 ஜிபி பென்டிரைவ் போதவில்லையாம்

கிராணி ஐயா (தோட்டத்து அலுவலக எழுத்தர்) கடைக்குள் நுழைந்தபோது கையில் புத்தம்புது 128 ஜிபி பென்டிரைவ் இருந்தது. உறைகூடப் பிரிக்கவில்லை. பழையது 64 ஜிபி, அது நிரம்பிவிட்டதாம். "தம்பி, வைரஸ்தான் புகுந்திருக்கு. உள்ள இருக்குற எல்லாத்தையும் ஊதிப் பெருசாக்கிடுச்சு. புதுசுக்கு மாத்திக் கொடுத்துட்டு, பழசை ஃபார்மட் அடிச்சிடு" என்றார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினிக் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம். இந்த வருடத்தில் மட்டும் இவர் ஐந்தாவது ஆள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வைரஸ் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவருடையது செம்பனைத் தோட்டம். பெரட்டு (காலையில் ஆள் கணக்கு) எடுப்பதிலிருந்து வெட்டிய குலையை எண்ணுவது வரை இப்போது எல்லாம் கைபேசியில்தான். அந்தச் செயலி ஓர் ஆளுக்கு, ஒரு நாளுக்கு, ஒரு கோப்பு என்று போட்டுத் தள்ளுகிறது. ஒவ்வொன்றும் 2 கேபி. 180 பேர், மாதம் 26 நாள் வேலை என்றால் வருடத்துக்கு 56,160 கோப்புகள். ஐந்து வருடத்துக்கு 2,80,800. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 548 எம்பி. கல்யாண வீட்டு வீடியோவில் தாலி கட்டும் பகுதியே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஆனால் அந்த ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டிஸைத் திறந்தால் இரண்டு வரிகள் தெரியும். மேலே 'சைஸ்', 548 எம்பி. கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்', 34 ஜிபி சொச்சம். அந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டு என் கடைக்கு வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. அது ஏதோ மெஷினுக்கான கணக்கு, நமக்கு எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் பென்டிரைவில் இடத்தைப் பிடிப்பது அந்த இரண்டாவது வரிதான், ஐயா. முதல் வரி இல்லை.

இங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். 2 கேபி கோப்பு 2 கேபி இடத்தைத்தான் பிடிக்கும் என்பது உங்கள் நினைப்பு. டிஸ்க் அப்படி அளந்து கொடுப்பதில்லை. அந்தக் காலத்துத் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, நினைத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாகத்தான் கொடுப்பார்கள். ஒற்றை ஆள் வந்தாலும் அவருக்கு ஒரு வீடு. திண்ணையில் பாதியை இன்னொரு குடும்பத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது. ஒரு வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டால், பதின்மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு நாலு வீடு போய்விடும். கடைசி வீட்டில் ஒருவர் மட்டும் காற்று வாங்கிக்கொண்டு இருப்பார். டிஸ்க்கில் அந்த வீட்டுக்குப் பெயர் கிளஸ்டர். ஃபார்மட் செய்யும் பெட்டியில் 'அலகேஷன் யூனிட் சைஸ்' என்று இருக்கிறதே, அதே சங்கதிதான். ஒரு கிளஸ்டரில் ஒரு கோப்பு நுழைந்துவிட்டால், மிச்ச இடம் வேறு எந்தக் கோப்புக்கும் கிடையாது.

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கப் பல முறைகள் உண்டு: ஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்று. கிராணி ஐயாவின் பென்டிரைவ் எக்ஸ்ஃபேட். 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட் டிஸ்க்குக்கு விண்டோஸ் தானாகப் போடும் கிளஸ்டர் 128 கேபி. அதாவது ஒவ்வொரு 2 கேபி கோப்பும் 128 கேபி வீட்டில் ஏகபோகமாகக் குடியிருக்கிறது. 126 கேபி சும்மா கிடக்கிறது. அதையே 2,80,800 தடவை செய்தால் வீணானது மட்டும் 33.7 ஜிபி. இதோடு விட்டாரா? 'பாதுகாப்புக்கு' என்று அதே பென்டிரைவில் இன்னொரு பிரதி எடுக்கப் போயிருக்கிறார். அது முக்கால்வாசியில் நின்றுவிட்டது. 64 ஜிபி என்று அட்டையில் எழுதியிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது 59.6 ஜிபிதான். அதில் அவருடைய உண்மையான சரக்கு 1 ஜிபிகூட இல்லை.

ஒரே பென்டிரைவில் இரண்டு பிரதி வைப்பதைப் பாதுகாப்பு என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். பென்டிரைவ் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இப்போது அந்தப் புது 128 ஜிபிக்கு வருவோம். அதற்கும் விண்டோஸ் 128 கேபி கிளஸ்டர்தான் போடும். அதே 548 எம்பி அதிலும் 34 ஜிபியாகவே உட்காரும். பெரிதாக வாங்கியது வியாதியைத் தீர்க்கவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தாயிற்று.

இதைவிட எனக்கு எரிச்சல் ஊட்டுவது ஒன்று உண்டு. வீடியோக்களில் சிலர் சொல்கிறார்களாம், "ஃபார்மட் பெட்டியில் இருப்பதிலேயே பெரிய அளவைத் தேர்ந்தெடு, வேகம் கூடும்" என்று. எக்ஸ்ஃபேட் கிளஸ்டர் 32 எம்பி வரை போகும். அந்த அளவில் 2 கேபி கோப்பைப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய கிளஸ்டர் பெரிய கோப்புக்குக் கொஞ்சம் உதவும், உண்மைதான். எங்கே எந்தத் துண்டு இருக்கிறது என்ற பேரேடு சிறியதாகும். ஆனால் சின்னக் கோப்புகளை நகலெடுக்கும்போது நேரத்தைத் தின்பது கிளஸ்டர் அல்ல. ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் எழுதி, தேதி எழுதி, திறந்து, மூடும் வேலை. அந்த 2,80,800 கோப்புகளை என் மெஷினுக்கு மாற்றி முடிவதற்குள் மதியச் சாப்பாடும் ஆகிவிட்டது, டீயும் ஆகிவிட்டது.

பழைய ஆட்களுக்கு இது புதிதல்ல. நான் தொழில் கற்ற காலத்தில் ஃபேட்16 இருந்தது. 1.2 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்கு 32 கேபி கிளஸ்டர். மொத்தமே அவ்வளவு இடம்தான், அதில் ஒரு பங்கு இப்படி வீணாகும். 1996ல் விண்டோஸ் 95இன் புதிய பதிப்போடு ஃபேட்32 வந்து கிளஸ்டர் 4 கேபிக்கு இறங்கியபோது, காசில்லாமல் புது டிஸ்க் கிடைத்தமாதிரி இருந்தது. இன்று டிஸ்க் மலிந்துவிட்டது, அதனால் எல்லாருக்கும் மறந்துவிட்டது.

சரி, எந்த அளவு சரியான அளவு? அது டிஸ்க்கைப் பொறுத்தது இல்லை, உள்ளே வைக்கப்போகும் கோப்புகளைப் பொறுத்தது. இங்கே படித்தவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். 'ஒரு கோப்புக்குச் சராசரியாக அரை கிளஸ்டர் வீண்' என்று ஒரு கணக்குப் பாடத்தில் வரும். கோப்புகள் கிளஸ்டரைவிடப் பெரிதாக இருந்தால்தான் அது பொருந்தும். கிராணி ஐயாவுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 17 ஜிபி வீண் என்று வரும். நிஜத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு.

சராசரி அளவும் அப்படித்தான் ஏமாற்றும். ஒரு ஃபோல்டரில் 4 ஜிபி வீடியோ ஒன்றும், 2 கேபி கோப்புகள் 50,000மும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஏறக்குறைய 86 கேபி வரும். ஆனால் 86 கேபிக்குப் பக்கத்தில்கூட ஒரு கோப்பும் கிடையாது. ஆகவே சராசரியை விட்டுவிட்டு எத்தனை கோப்பு எந்த அளவில் இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். விண்டோஸ் 10ல் ஃபோல்டருக்குள் தேடல் பெட்டியில் தேடினால் மேலே சைஸ் என்ற பட்டியல் வரும். அதில் டைனி என்பது 16 கேபி வரை, ஸ்மால் என்பது 1 எம்பி வரை. டைனியைத் தேர்ந்தெடுத்தால் கீழே எண்ணிக்கை தெரியும். எது இடத்தைத் தின்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் ட்ரீசைஸ், வின்டிர்ஸ்டாட் (WinDirStat) என்று மென்பொருள்கள் இருக்கின்றன. நான் கடையில் ட்ரீசைஸைத்தான் வைத்திருக்கிறேன்.

டைனி ஆயிரக்கணக்கில் இருக்கிறதா? என்டிஎஃப்எஸ், 4 கேபி. முடிந்தது. 16 டிபி வரை விண்டோஸ் என்டிஎஃப்எஸுக்குத் தானாகவே போடும் அளவும் அதுதான், நீங்கள் கை வைக்காமல் இருந்தால் போதும். அதில் இன்னொரு வசதியும் உண்டு. ஏறக்குறைய 700 பைட்டுக்கும் குறைந்த குட்டிக் கோப்புகளுக்கு அது வீடே ஒதுக்காது, பேரேட்டிலேயே எழுதி வைத்துவிடும். கிராணி ஐயாவின் 34 ஜிபி, 4 கேபி கிளஸ்டரில் 1.07 ஜிபியாகச் சுருங்கியது. "எங்க தம்பி, மிச்சத்தை அழிச்சிட்டியா?" என்று பதறிவிட்டார். கோப்பு எண்ணிக்கையைக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

போன தடவை இதைக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதி மட்டும் காதில் வாங்கிக்கொண்ட கல்யாண வீடியோக்காரத் தம்பி ஒருவர், தன் டிஸ்க்கையும் 4 கேபிக்கு மாற்றச் சொல்லி வந்து நின்றார். தம்பி, உனக்கு வேண்டாம். 4 எம்பி படத்துக்கு 128 கேபி கிளஸ்டரில் சராசரியாக 64 கேபி வீண், ஒன்றரை விழுக்காடு. வீடியோவுக்கு அதுவும் கிடையாது. உனக்கு வரப்போகும் தலைவலி வேறு: பென்டிரைவ் ஃபேட்32ஆக இருந்தால் 4 ஜிபி கோப்பை ஏற்காது, உள்ளே 20 ஜிபி காலியாகக் கிடந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட்டிலேயே இரு. காரில் பாட்டுக் கேட்கிற பென்டிரைவையும் என்டிஎஃப்எஸ் ஆக்காதீர்கள், பல கார் ரேடியோக்களுக்கு அது புரியாது. மேக் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும், அது என்டிஎஃப்எஸைப் படிக்கும், எழுதாது.

தினமும் கோப்பு சேர்ந்துகொண்டே போகிற அலுவலகங்களுக்கு என் கெஞ்சல் ஒன்று. மாதம் முடிந்ததும் அந்த மாதத்தை ஒரு ஜிப்பாகக் கட்டிவிடுங்கள். 4,680 கோப்புகள் ஒரே கோப்பாகிவிடும், கிளஸ்டர் எதுவாக இருந்தாலும் வீணாவது ஒரு தடவைதான், நகலெடுப்பதும் நொடியில் முடியும். ஐந்து வருடத்தையும் ஒரே ஜிப்பில் திணிக்காதீர்கள். அது கெட்டால் மொத்தமும் கெட்டது.

கிளஸ்டரை மாற்ற ஃபார்மட் செய்தாக வேண்டும், ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும். முதலில் வேறிடத்தில் நகல், அப்புறம் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பது, அதற்குப் பிறகுதான் ஃபார்மட். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு என்னிடம் ஓடி வராதீர்கள். சி டிரைவில் கை வைக்கவே வேண்டாம். எக்ஸ்ஃபேட் பென்டிரைவை எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்காதீர்கள், நடுவில் அறுந்ததைச் சரிசெய்துகொள்ள, என்ன செய்துகொண்டிருந்தது என்று குறித்து வைக்கும் நாட்குறிப்பு அதனிடம் கிடையாது. ஆட்களின் ஐசி (அடையாள அட்டை) எண், சம்பளம் எல்லாம் இருந்த பழைய பென்டிரைவைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் குயிக் ஃபார்மட் மட்டும் செய்துவிட்டு நிம்மதியாகாதீர்கள். பழைய எழுத்து உள்ளே அப்படியே கிடக்கும்.

கடைசியில் கிராணி ஐயா அந்த 128 ஜிபியைக் காட்டி, "அப்போ இதை என்ன செய்றது?" என்றார். உறையைப் பிரித்து, 4 கேபியில் ஃபார்மட் செய்து, மாதவாரி ஜிப் அறுபதையும் அதில் போட்டு, இதை மேனேஜர் ரூம் இரும்புப் பெட்டியில் வைத்துவிடுங்கள் என்று கொடுத்தேன். பாதி வழி போனவர் திரும்பி வந்து, "64 ஜிபி காலியாத்தானே இருக்கு, அதுல பாட்டு ஏத்திக் கொடேன்" என்றார்.